மாடித்தோட்டத்துக்குச் சொட்டுநீர்: குழாய் போடுவதிலிருந்து நேரம் குறிப்பது வரை

சித்திரை மாதத்தில் திருச்சியில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் காலை நேரம் எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆறு மணிக்கு ஹோஸைக் கையில் எடுத்தால் ஏழு வரைக்கும் வெயிலில் நிற்க வேண்டும். முதல் வரிசைக்கு ஆற அமர ஊற்றுவோம். கடைசி வரிசைக்குப் போவதற்குள் அடுப்படியில் குக்கர் கூப்பிடும். நான் நான்கு வருடம் அப்படித்தான் ஊற்றினேன். கடைசி வரிசைக் கத்தரி மட்டும் எப்போதும் வாடியே நிற்கும். விதையை மாற்றினேன், உரத்தை மாற்றினேன். சொட்டுநீர் போட்டு, எந்தச் செடிப் பைக்கு எவ்வளவு போகிறது என்று அளந்து பார்த்த பிறகுதான் கத்தரியிடம் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தது.

குழாய் போடுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதன் பிறகு ஒவ்வொரு பைக்கும் எத்தனை மில்லி விழுகிறது என்று அளந்து, அதை வைத்து நிமிடம் குறிப்பதுதான் முக்கியமான வேலை. புதிதாகப் போடுகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். 20 முதல் 50 பைகள் வரை வைத்திருப்பவர்கள், மேல்நிலைத் தொட்டியிலிருந்து மோட்டார் இல்லாமல் தண்ணீர் விட நினைப்பவர்கள், இவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு காகிதம்

கடைக்குப் போவதற்கு முன் மாடியை ஒரு தாளில் வரையுங்கள். தொட்டி எங்கே, வரிசைகள் எங்கே, நடக்கிற வழி எது, துணி காயப் போடும் கொடி எது. பிறகு செடிகளைத் தாகத்தைப் பார்த்துப் பிரியுங்கள். ஒரே வால்வில் இருக்கும் எல்லாச் செடிக்கும் ஒரே நேரம்தான் தண்ணீர் ஓடும். பாகலும் மிளகாயும் ஒரே லைனில் இருந்தால் ஒன்று காயும், இல்லை இன்னொன்று அழுகும். காய்ச் செடிகள் ஒரு லைன், கொடிகள் ஒரு லைன், நாற்றுகளும் மிளகாயும் ஒரு லைன் என்று மூன்றாகப் பிரித்தால் போதும். ஒவ்வொரு லைனுக்கும் தொடக்கத்தில் ஒரு சின்ன வால்வு. கற்றாழையைச் சேர்க்கவே வேண்டாம்.

கீரைக்குச் சொட்டுநீர் வேண்டாம் என்பது என் கருத்து. டிரிப்பரிலிருந்து, அதாவது குழாய் முனையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் சின்ன மூடியிலிருந்து, சொட்டு விழும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம்தான் நனையும். அகலப் பையில் தூவிய தண்டுக்கீரை அந்த வட்டத்துக்குள் மட்டும் செழித்து, ஓரத்தில் கட்டையாக நிற்கும். அதற்குப் பூவாளியே நல்லது.

கடையில் கேட்க வேண்டியவை

சொட்டுநீர்ச் சாமான் விற்கும் கடைகளில் உதிரியாகவே எல்லாம் கிடைக்கும். பெட்டியில் வரும் செட்டை விட அது நல்லது, தரத்தைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். நாற்பது பைக்கு 16 எம்.எம். கறுப்பு பைப் சுமார் 30 மீட்டர், 4 எம்.எம். மைக்ரோ டியூப் சுமார் 20 மீட்டர், அதைப் பெரிய பைப்போடு சேர்க்கும் கனெக்டர், டிரிப்பர், 16 எம்.எம்.மில் எல்போ (பைப்பைத் திருப்ப), டீ (இரண்டாகப் பிரிக்க), ஜாயினர் (நேராக இணைக்க), சின்ன வால்வு மூன்று, எட்டு வடிவ எண்ட் கேப், பைப்பில் ஓட்டை போடும் பஞ்ச், தவறான ஓட்டையை அடைக்கும் டம்மி, ஒரு ஸ்கிரீன் ஃபில்டர். டிரிப்பரும் டம்மியும் ஐந்தாறு கூடுதலாகவே வாங்குங்கள். மைக்ரோ டியூபும் கறுப்பாகவே இருக்கட்டும். கண்ணாடி மாதிரி தெரியும் டியூபுக்குள் வெளிச்சம் போய், இரண்டே மாதத்தில் பாசி பிடித்துவிடும்.

டிரிப்பர் விஷயத்தில் மட்டும் நின்று யோசிக்க வேண்டும். கடைக்காரர் பி.சி. டிரிப்பர் என்று ஒன்றைக் காட்டுவார். அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் ஒரே அளவு தண்ணீர் விடும் வகை அது. தோட்டத்தில் மோட்டார் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு அருமையான சாமான். ஆனால் அது ஒழுங்காக வேலை செய்யப் பொதுவாக அரை பாருக்கு மேல் அழுத்தம் வேண்டும் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). நம் தொட்டி அதைத் தராது. எப்படி என்று பார்ப்போம்.

பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் தரும். மாடித் தளத்திலிருந்து நம் தொட்டித் தண்ணீர் இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.2 பார்தான். சாதாரண டிரிப்பரின் மேல் மணிக்கு 4 லிட்டர் என்று போட்டிருந்தால் அது 1 பாருக்கான கணக்கு. அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கானால் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்காகக் குறையாது, ஆனால் பாதிக்கும் கீழே போய்விடும். மணிக்கு 1.8 லிட்டர் அளவுக்குத்தான் வரும். பாக்கெட்டில் உள்ள எண்ணை நம்பி அரை மணி நேரம் விட்டு, இரண்டு லிட்டர் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டால் செடிக்குக் கிடைத்தது ஒரு லிட்டருக்கும் குறைவு. சொட்டுநீர் போட்டும் செடி காய்கிறது என்று சொல்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

அதனால் தொட்டி அழுத்தத்துக்குத் தலையைத் திருகி அளவு மாற்றக்கூடிய டிரிப்பரைத்தான் சொல்வேன். பெரும்பாலும் சிவப்புத் தலையோடு இருக்கும். கழற்றிக் கழுவலாம், ஒவ்வொன்றாகச் சரி செய்யலாம்.

தொட்டியிலிருந்து வால்வு வரை

குளியலறைக்குப் போகும் லைனிலிருந்து பிரித்து எடுக்காதீர்கள். கீழே யாராவது ஷவரைத் திறந்தால் மாடியில் சொட்டு நின்றுவிடும். பிளம்பரை அழைத்துத் தொட்டியில் தனியாக ஒரு டேங்க் நிப்பிள் (தொட்டிச் சுவரில் ஓட்டை போட்டு மாட்டும் குழாய் வாய்) போடச் சொல்லுங்கள். அடியிலிருந்து மூன்று அங்குலம் மேலே இருக்கட்டும், அடி வண்டல் குழாய்க்குள் வராது. நிப்பிள், பிறகு பால் வால்வு (உள்ளே ஓட்டையுள்ள உருண்டை திரும்பித் திறக்கும் வால்வு), பிறகு ஃபில்டர், டைமர் வைப்பதானால் அது, பிறகு 16 எம்.எம். பைப். வரிசை இதுதான். ஃபில்டரின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும், தண்ணீர் போகும் திசையைப் பார்த்து அது இருக்க வேண்டும். மரையுள்ள இடத்தில் டெஃப்லான் டேப் பத்துச் சுற்று.

ஃபில்டர் இல்லாமல் போடலாமா என்று கேட்கிறார்கள். போர் தண்ணீர் உள்ள வீட்டில் போடவே கூடாது. மணல் துகள் ஒன்று போதும், ஒரு டிரிப்பர் போய்விடும்.

குழாய் விரிப்பது

சுருளாக வந்த பைப்பை அரை மணி நேரம் வெயிலில் விரித்து, இரண்டு முனையிலும் செங்கல் வையுங்கள். இளகி நேராகும். ஜாயினர், எல்போ சொருகும்போது பைப் நுனியைக் கொதிநீரில் பத்து விநாடி முக்கி எடுத்தால் கை வலிக்காமல் உள்ளே போகும். பைப் வரிசையை ஒட்டியே போகட்டும், நடக்கிற வழியைக் குறுக்கே வெட்ட வேண்டாம்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: தொட்டியை விட்டு இறங்கிய பைப் மறுபடி மேடேறி இறங்கக் கூடாது. கைப்பிடிச் சுவர் மேல் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கினால் அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். மோட்டார் அழுத்தம் அதைத் தள்ளிவிடும், தொட்டி அழுத்தத்தால் முடியாது. அந்த லைனில் ஒரு பைக்குத் தண்ணீர் வரும், அடுத்த பைக்கு வராது, காரணமும் பிடிபடாது.

பஞ்ச் வைத்து ஓட்டை போடும்போது பைப்பின் மேல்பக்கமாகவோ பக்கவாட்டிலோ போடுங்கள். அடிப்பக்கம் போட்டால் படிந்த அழுக்கு நேராக டிரிப்பருக்குப் போகும். கனெக்டரை அழுத்தினால் டக்கென்று உட்காரும். அது கேட்கும் வரை விடாதீர்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு, டிரிப்பர் சொருகாமல், முனைகளையும் மூடாமல் ஐந்து நிமிடம் தண்ணீரைத் திறந்து விடுங்கள். நீங்கள் போட்ட ஓட்டைகளின் பிளாஸ்டிக் துணுக்குகள், மண், எல்லாம் வெளியே வரும். தெளிந்த பிறகு டிரிப்பரைச் சொருகி, முனையை மடித்து எண்ட் கேப் போடுங்கள்.

டிரிப்பரைத் தண்டை ஒட்டி வைக்கக் கூடாது, தண்டடி எப்போதும் ஈரமாக இருந்தால் அழுகல் வரும். தண்டுக்கும் பை ஓரத்துக்கும் நடுவில் வையுங்கள். பெரிய பை என்றால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. மேலே காய்ந்த இலையோ தேங்காய் நாரோ மூடாக்குப் போடுங்கள், ஆனால் டிரிப்பர் தலை வெளியே தெரியட்டும். அடைத்துக்கொண்டால் கண்ணில் படும். கலவையில் நார்க்கழிவு நிறைய இருந்து அது காய்ந்துபோயிருந்தால் முதல் முறை கையால் ஊற்றி முழுதாக நனைத்துவிடுங்கள். காய்ந்த நார்க்கழிவு தண்ணீரை ஏற்காது, சொட்டு பக்கவாட்டில் வழிந்து ஓட்டை வழியாக வெளியேறிவிடும்.

டம்ளர் சோதனை

சமையலறையிலிருந்து ஒன்பது எவர்சில்வர் டம்ளர் எடுத்து வாருங்கள். ஒவ்வொரு லைனிலும் முதல் பை, நடுப் பை, கடைசிப் பை ஆகிய மூன்று இடத்தில் டிரிப்பரைத் தூக்கி டம்ளருக்குள் விடுங்கள். தொட்டி நிறைந்திருக்க வேண்டும். வால்வைத் திறந்து சரியாக ஆறு நிமிடம். மூடிவிட்டு, மருந்துப் பாட்டில் மூடியோ அளவுக் குவளையோ வைத்து மில்லி கணக்கு எடுங்கள். ஆறு நிமிடத்தில் விழுந்ததைப் பத்தால் பெருக்கினால் ஒரு மணி நேரக் கணக்கு.

நான் முதல் முறை அளந்தபோது காய் லைனில் முதல் பைக்கு 260 மில்லி, நடுவில் 170, கடைசியில் 110. கடைசி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கத்தரியைப் பார்த்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரே நேரம் ஓடியும் முதல் செடிக்குப் பாதிகூட அதற்குப் போகவில்லை.

சரி செய்வது சுலபம். முதல் பைகளின் தலையைக் கொஞ்சம் இறுக்குங்கள், கடைசியைத் தளர்த்துங்கள், மறுபடி ஆறு நிமிடம். மூன்று நான்கு சுற்றில் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக வந்துவிடும். நூறுக்குப் பத்துப் பதினைந்து வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. எவ்வளவு திருகியும் கடைசிப் பை தேறவில்லை என்றால் லைன் நீளம் அதிகம். அப்போது லைனின் ஒரு முனையில் தண்ணீர் கொடுப்பதை விட்டு நடுவில் டீ போட்டுக் கொடுங்கள். இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரிந்து போகும். தொட்டி அழுத்தத்தில் ஒரு லைனுக்குப் பதினைந்து பைக்கு மேல் நான் வைப்பதில்லை.

இன்னொன்று. தொட்டி நிறைந்திருக்கும்போது விழும் அளவும் அடியில் கிடக்கும்போது விழும் அளவும் ஒன்றல்ல. தொட்டியின் அடி ஒன்றரை மீட்டர் உயரத்திலும் நிறைந்த மட்டம் இரண்டரை மீட்டரிலும் இருந்தால் இரண்டுக்கும் நூற்றுக்கு இருபது முப்பது வித்தியாசம் வரும். அதனால் ராத்திரியே தொட்டியை நிரப்பி வைத்துக்கொள்ளும் பழக்கம் நல்லது.

எத்தனை நிமிடம்?

இதற்குச் செடியின் நிழலைப் பாருங்கள். உச்சி வெயிலில் செடியின் நிழல் தரையில் எவ்வளவு இடம் பிடிக்கிறதோ, ஏறக்குறைய அந்தப் பரப்புக்குத்தான் அது தண்ணீர் குடிக்கிறது. பையின் வாய் எவ்வளவு அகலம் என்பது இங்கே கணக்கில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். நம் ஊரில் மார்கழி, தையில் ஒரு நாளுக்குச் சுமார் 4 மில்லிமீட்டர், கோடையில் 6 அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக வருகிறது.

என் கத்தரி ஒன்றின் நிழல் 60 சென்டிமீட்டருக்கு 60 சென்டிமீட்டர். அதாவது 0.36 சதுர மீட்டர். பங்குனியில் 5 மில்லிமீட்டர் என்றால் ஒரு நாளுக்கு 1.8 லிட்டர். டிரிப்பர் ஆறு நிமிடத்துக்கு 180 மில்லி விட்டால், நிமிடத்துக்கு 30 மில்லி. ஆக, 60 நிமிடம். நாற்று நட்ட புதிதில் நிழல் ஒரு கை அகலம்தான் இருக்கும், அதற்கு ஒரு நாளுக்கு 200, 300 மில்லி போதும். அதையும் இரண்டு மூன்று தவணையாகக் கொடுக்க வேண்டும், வேர் மேலாகவே இருப்பதால். பந்தலில் படர்ந்த சுரைக்கு மூன்று நான்கு லிட்டர் கேட்கும்.

மொத்த நிமிடத்தையும் ஒரே மூச்சில் விடலாமா என்பதைப் பை சொல்லும். திறந்துவிட்டுப் பையின் அடி ஓட்டையைப் பாருங்கள். முதல் சொட்டு எத்தனையாவது நிமிடத்தில் வெளியே வருகிறதோ, அதற்கு இரண்டு நிமிடம் முன்னால் நிறுத்துவதுதான் உச்ச அளவு. மிச்சத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே நிறைய விட்டு அடியில் வழிய விடுங்கள், தேங்கிய உப்பு கழுவிக்கொண்டு போகும்.

நிமிடத்துக்கு 30 மில்லி விழும் என் காய் லைனுக்கு நான் வைத்திருப்பது இது. தை, மாசியில் காலையில் மட்டும் 45 நிமிடம். பங்குனியில் காலை 40, மாலை 20. சித்திரை, வைகாசியில், முக்கியமாக அக்னி நட்சத்திர நாட்களில், காலை 45, மாலை 35. ஆனியிலும் ஆடியிலும் புதியவர்கள் ஏமாந்துவிடுவார்கள். வானம் மூட்டமாக இருக்கிறது, உடம்புக்குக் குளுமையாக இருக்கிறது என்று தண்ணீரைக் குறைப்பார்கள். ஆனால் ஆடிக் காற்று இலையிலிருந்தும் பையிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். நான் அப்போது காலை 40, மாலை 30 விடுகிறேன். ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை பெய்த மறுநாள் நிறுத்தம். ஐப்பசி, கார்த்திகையில் வால்வை மூடிவிடுவேன், ஆனால் மூன்று நாள் மழை விட்டால் திறக்க வேண்டும். கைப்பிடிச் சுவரை ஒட்டிய பைகளிலும் அடர்ந்த இலைக்கு அடியில் உள்ள பைகளிலும் மழை விழுவதே இல்லை, அவற்றைத் தனியாகத் தொட்டுப் பாருங்கள்.

இந்த நிமிடங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் டம்ளரில் விழுந்த கணக்கைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

காலை என்றால் ஐந்தரை, ஆறு மணி. மத்தியானம் கூடவே கூடாது. வெயிலில் கிடக்கும் கறுப்புப் பைப்பில் தேங்கிய தண்ணீர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், முதலில் வேருக்குப் போவது அதுதான். மாலையிலும் ஆறு மணிக்குப் பைப் ஆறிய பிறகு.

கணக்குச் சரியா என்பதை விரல் சொல்லும். காலையில் தண்ணீர் விடுவதற்கு முன் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். லேசாக ஈரம் தட்டி, விரலில் ஒன்றிரண்டு துகள் ஒட்டினால் சரி. சேறாக ஒட்டினால் ஐந்து நிமிடம் குறையுங்கள். தூசியாக இருந்தால் கூட்டுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு இலை தொங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம், சாயங்காலம் நிமிர்ந்துவிடும். காலை ஏழு மணிக்கே தொங்கினால்தான் கவலை. அப்போதும் முதலில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தும் தொங்கினால் வேர் அழுகலாகவோ வாடல் நோயாகவோ இருக்கலாம், தண்ணீரைக் கூட்டினால் செடி போய்விடும். தக்காளியின் அடி கறுத்துக் குழி விழுவதும் பெரும்பாலும் ஒருநாள் காய்ந்து ஒருநாள் வெள்ளமாக ஊற்றுவதால் வருவது. முட்டை ஓடு பொடித்துப் போடுவதற்கு முன் தண்ணீரைச் சீராக்குங்கள்.

டைமர்

முதல் இரண்டு வாரம் டைமர் வேண்டாம். கைபேசியில் அலாரம் வைத்து நீங்களே திறந்து மூடுங்கள். அந்த இரண்டு வாரத்தில்தான் உங்கள் மாடி உங்களுக்குப் பழகும்.

வாங்கும்போது உள்ளே பால் வால்வு உள்ள டைமரா என்று கேட்டு வாங்குங்கள். நான் முதலில் வாங்கியது சோலினாய்டு வகை, மின்காந்தத்தால் திறப்பது. நேரத்துக்குக் கிளிக் என்று சத்தம் வரும், ஒரு சொட்டு வராது. அந்த வகையில் பெரும்பாலானவை திறக்கவே ஒரு குறைந்தபட்ச அழுத்தம் தேவை, தொட்டித் தண்ணீருக்கு அது கிடையாது. ஒரு வாரம் ஃபில்டரையும் பைப்பையும் கழற்றிக் கழற்றிப் பார்த்து அலைந்தேன். பால் வால்வு வகையில் சின்ன மோட்டார் ஒன்று வால்வைத் திருப்புகிறது, அழுத்தம் எவ்வளவு இருந்தாலும் திறக்கும்.

வாரா வாரம், மாதா மாதம்

வாரம் ஒருமுறை ஃபில்டர் வலையைக் கழற்றிப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். மாதம் ஒருமுறை எண்ட் கேப்பைத் திறந்து அழுக்குத் தண்ணீரை ஓடவிட்டு மூடுங்கள். டிரிப்பர் தலையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது போர் தண்ணீரின் சுண்ணாம்பு. கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறவைத்தால் விட்டுவிடும். பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் இரண்டையும் லைனில் விடாதீர்கள், எவ்வளவு வடிகட்டினாலும் அடைக்கும். கையாலேயே ஊற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டம்ளரை மறுபடி எடுங்கள்.

கோடையில் அணில் பைப்பைக் கடிக்கும். தாகம்தான் காரணம். மாடியின் இரண்டு மூலையில் மண்சட்டியில் தண்ணீர் வைத்த பிறகு என் வீட்டில் கடி வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஊருக்குப் போவதாக இருந்தால், கிளம்புகிற அன்று டைமரை அமைக்காதீர்கள். நான்கு நாள் முன்பே வைத்துவிட்டு, வால்வைத் தொடாமல் பாருங்கள். டைமருக்குப் புது பேட்டரி போட்டு, வாரக் கணக்குப் பார்க்காமல் ஃபில்டரைக் கழுவி, மாடித் தளத்தின் தண்ணீர் போகும் வாயில் சருகு அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு கனெக்டர் கழன்றால் தொட்டித் தண்ணீர் முழுவதும் தளத்தில்தான் நிற்கும். பக்கத்து வீட்டில் யாரிடமாவது மாடிச் சாவியைக் கொடுத்து, மெயின் வால்வு எது, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள்.